கொழுந்துக்குப் பாதை இருக்கு, அம்மாயிக்கு?

தியவன்னா ஏரிக்கரையில் இறங்கியதும் அம்மாயி கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பாதை எங்க போகுது?"

எங்கயும் போகல அம்மாயி, ஏரியைச் சுத்திட்டு திரும்ப வரலாம் என்றோம். அவர் நம்பவில்லை. "எங்கயும் போகாத பாதைய யாரு இவ்வளவு காசு செலவழிச்சுக் கட்டுவா?" என்று சிரித்தார்.

எங்கள் குழுவில் பெரும்பாலானோர் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். வேலைக்கும் படிப்புக்கும் என்று கொழும்புப் போர்டிங்குகளில் கிடக்கிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மாயி கண் க்ளினிக்குக்காக வந்திருந்தார். ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் பின்னேரம் அவரை பத்தரமுல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முப்பத்தைந்து வருடம் ரப்பர் பால் வெட்டிய மனுஷி. வாளியோடு சரிவில் ஏறி இறங்கி இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. லயத்தில் இஸ்தோப்பை விட்டு இறங்க வேண்டுமென்றாலே யாராவது கையைப் பிடிக்க வேண்டும்.

அந்தப் பின்னேரம் அவர் ஊன்றுகோலை மட்டும் வைத்துக்கொண்டு, யாருடைய தோளையும் பிடிக்காமல், அரை மணித்தியாலம் நடந்தார். நடுவில் இரண்டு தரம் பெஞ்சில் உட்கார்ந்தார். கொக்குகளைப் பார்த்தார். கரையேறிக் கிடந்த கபரகொய்யாவைப் பார்த்துத் திட்டினார். திரும்பும்போது சொன்னார்: "ஒரு படி கூட இல்லையே. காலுல ஒரு கல்லு தட்டலியே."

அடுத்த நாள் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இரண்டு பேர் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தியிலிருந்து அவருடைய லயத்துக்கு 83 படி. நாங்கள் எண்ணியிருக்கிறோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏரிக்கரைப் பாதையைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாதை. அதே தரத்தில் ஒரு பாதை எங்கள் லயத்து வாசலில் தொடங்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். இதைக் கேட்டால் "மலைநாட்டுல அதெல்லாம் நடக்குமா?" என்று ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவும் எழுதுகிறோம்.

ஏரியே கட்டப்பட்டதுதான்

தியவன்னாவில் இன்று நாம் பார்க்கும் அகன்ற நீர்ப்பரப்பு அப்படியே இயற்கை தந்ததல்ல. அது சதுப்பு நிலம். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் புதிய பாராளுமன்றம் கட்டுவதென்று முடிவானபோது அந்தச் சதுப்பைத் தோண்டி, நீரை நிறைத்து, நடுவில் ஒரு தீவை விட்டு, அதன்மேல் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடத்தை எழுப்பினார்கள். 1982 ஏப்ரல் 29இல் திறந்தார்கள்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிந்திய வருடங்களில்தான் இந்தக் கரைகளுக்கு நடைபாதையும் பெஞ்சும் விளக்கும் புல்வெளியும் வந்தன. தியத்த உயன வந்ததும் அந்தக் காலத்தில்தான். 2012இல் உலக வங்கி கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டத்துக்கு 21 கோடி டொலருக்கு மேல் கடன் தர ஒப்புக்கொண்டது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவது அதன் முக்கிய வேலை. ஆனால் அதன் கீழ் பெத்தகான ஈரநிலப் பூங்காவும் வந்தது, சதுப்புக்கு மேலே மரப்பாலப் பாதையோடு. 2018இல் கொழும்பு 'ராம்சார் ஈரநில நகரம்' என்று சர்வதேச அங்கீகாரம் பெற்றது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அழகுபடுத்தல் என்ற அதே பெயரில்தான் கொழும்பின் வத்தைகளில் இருந்த ஏழைக் குடும்பங்கள் வீட்டை விட்டு அகற்றப்பட்டு அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. அதை மறந்துவிட்டு ஏரிக்கரையைப் புகழ எங்களுக்கு மனம் வராது.

இந்த வரலாற்றில் எங்களுக்கு வேண்டியது ஒரேயொரு விஷயம். சதுப்பை ஏரியாக்கவும், ஏரிக்கு நடுவில் பாராளுமன்றத்தை நிறுத்தவும், சேற்றுக்கு மேல் சக்கர நாற்காலி உருளக்கூடிய பாதை போடவும் இந்த நாட்டுக்குத் தெரியும். பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், கடன் கிடைக்கிறது, கொந்தராத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே எங்களிடம் வந்து "செய்ய முடியாது" என்று சொல்கிறவர்கள், "உங்களுக்காகச் செய்ய மாட்டோம்" என்று நேராகவே சொல்லிவிடலாம்.

சட்டம் வீட்டு வாசலில் நிற்கிறது

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவை வழங்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வர வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வழக்கம்போல அது காகிதத்தில் தூங்கியது. தட்டி எழுப்பியவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கார்மீது மரம் ஒன்று விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் மனுதாரராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2011 ஏப்ரலில், பொதுக் கட்டடங்கள் அந்த ஒழுங்குவிதிகளுக்கு அமையத்தான் கட்டப்பட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறு ஏதாவதொன்றிலோ சிரமம் உள்ளவர்கள். இது சின்னக் கூட்டம் இல்லை.

இப்போது ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். டிஸ்பென்சரி பொதுச் சேவை இல்லையா? பிள்ளை மடுவம்? பள்ளிக்கூடம்? கோயில்? கொழுந்து நிறுக்கிற மடுவம்? தபால் வந்து கிடக்கிற இடம்? இவை பொதுச் சேவை இல்லையென்றால் எங்கள் வாழ்க்கையில் பொதுச் சேவை என்று எதுவுமே இல்லை. பொதுச் சேவைதான் என்றால், அவற்றுக்குப் போகிற வழியில் சாய்தளம் எங்கே? கைப்பிடி எங்கே?

ஏன் இல்லை என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள், வாக்கும் கூடவே போனது. வாக்கில்லாதவனுக்கு ரோட்டுப் போட எந்த அரசியல்வாதி வருவான்? பிறகு குடியுரிமை படிப்படியாக வந்தது, ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணம் வருவதற்குக் குறுக்கே நின்றது. ஒரே ஊரில், மதிலுக்கு அந்தப் பக்கம் கிராமத்துக்கு கொங்கிரீட் ரோட்டு, இந்தப் பக்கம் எங்களுக்குச் சேறு. "அது தோட்டத்து ரோட்டு, துரைகிட்ட கேளுங்க" என்பார்கள். துரை "அது பொது ரோட்டு, சபையில கேளுங்க" என்பார். 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனி சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். செய்யலாம் என்பதற்கும் செய்தார்கள் என்பதற்கும் நடுவில்தான் அந்த 83 படியும் கிடக்கிறது.

சங்கிலி எங்கே அறுகிறது

எங்கள் தோட்டமொன்றில் ஒரு தம்பி இருக்கிறான். பிறவியிலேயே கால் வராது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நிகழ்ச்சி வைத்து, மாலை போட்டு, படம் பிடித்து, அவனுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் யார் என்று இங்கே எழுத வேண்டாம், அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அந்த நாற்காலி இன்று காம்பராவின் மூலையில் மடித்து நிற்கிறது. அதன்மேல் துணி காயப்போடுகிறார்கள். லயத்து இஸ்தோப்பிலிருந்து வாசலுக்கு ஒன்றரை அடி உயரம். வாசலைத் தாண்டினால் திறந்த கான். கானைத் தாண்டினால் படி. அந்த நாற்காலி எந்தப் பக்கம் உருளும்?

பாதை என்பது சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தால் மற்றது எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை. இது நகரத்துக்கும் பொருந்தும். நகரத்தில் நாங்கள் போன இன்னொரு நீர்க்கரைப் பூங்காவில், மோட்டார் சைக்கிள் நுழையக்கூடாது என்று வாசலில் இரும்புக் கம்பிகளை நெருக்கமாக நட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் நுழையவில்லை, சரி. சக்கர நாற்காலியும் நுழையவில்லை. உள்ளே அழகான சமதளப் பாதை. மலசலகூடத்துக்கு மூன்று படி. அறிவிப்புப் பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் ஒரு மூலையில், வாசித்தால் சிரிப்பு வருகிற எழுத்துப்பிழையோடு. பார்வையில்லாதவரை விடுங்கள், பார்வை இருக்கிற எங்களுக்கே அது வழிகாட்டவில்லை.

பூங்கா வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் முடிகிற பாதை கார் இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் முழுப் பாதை. பஸ்ஸில் வருகிறவருக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடத்தில் பாதை தொடங்க வேண்டும். எங்கள் அம்மாயிக்கு இஸ்தோப்பில் தொடங்க வேண்டும். பாதை போடுகிறவர்கள் அளவு நாடாவை எங்கே வைத்து அளக்கத் தொடங்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொழுந்துக்குப் போட்ட பாதை

"மலைநாட்டுல சமதளப் பாதையா?" என்ற சிரிப்புக்கு வருவோம்.

எங்கள் தோட்டங்களின் கார்ட் ரோட்டில் நடந்திருக்கிறீர்களா? பெயரிலேயே இருக்கிறது, வண்டிப் பாதை. லொறி வருவதற்கு முன்னால் மாட்டுவண்டிக்காக வெட்டியது. சுமையோடு மாடு ஏற வேண்டும் என்றால் சரிவு மெதுவாக இருக்க வேண்டும். அதனால் மலையை நேராகப் பிளக்காமல், சுற்றிச் சுற்றி, சரிவை அளந்து அளந்து வெட்டினார்கள். கம்பனி துரைமார் அளவு சொன்னார்கள், மண்வெட்டி பிடித்தது எங்கள் பூட்டன் பூட்டிமார். கானும் போக்கும் போட்டுப் பல இடங்களில் கல் பதித்தார்கள். இன்றைக்கும் அந்த ரோட்டில்தான் கொழுந்து லொறி போகிறது.

ஏன் இவ்வளவு கவனம்? கொழுந்து நசுங்கக்கூடாது, சூடேறக்கூடாது, சுணங்கக்கூடாது. ரப்பர் தோட்டத்தில் இன்னும் மோசம். விடியற்காலை வெட்டின பாலை நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்காவிட்டால் உறைந்துவிடும். உறைந்தால் விலை போச்சு. அதனால் பாலுக்குப் பாதை வேண்டும். ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் பாதை வேண்டும். அவை அவசரமானவை.

லயத்துக்கு? லயத்துக்குக் குறுக்குப் பாதை போதும் என்று விட்டார்கள். மனுஷன் நசுங்கினாலும் சுணங்கினாலும் யாருக்கும் விலை குறையாது. பிள்ளைப்பேறுக்கு வலி எடுத்தவளைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன கதை எங்கள் எல்லோருடைய வீட்டிலும் ஒன்று இருக்கும். அந்த லொறி நிற்கிற இடம் வரைக்கும் அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிப் போன கதையும் அதோடு சேர்ந்தே இருக்கும்.

அதனால், மலையில் தடையில்லாத பாதை போட முடியுமா என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்னாலேயே பதில் கிடைத்தாச்சு. முடியும். கொழுந்துக்குப் போட்டாச்சு. மிச்சம் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: கொழுந்தைப் பறித்த கிழவிக்கு எப்போ?

கணக்கும் போட்டுப் பார்த்தோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு உலகெங்கும் வழங்குகிற அளவு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இஸ்தோப்பின் ஒன்றரை அடிக்கு 18 அடி சாய்தளம். இஸ்தோப்பை ஒட்டி, லயத்தின் நீளத்துக்குப் போட்டால் அது அடங்கும். 83 படிக்கு, ஒரு படி கிட்டத்தட்ட 7 அங்குலம் என்று வைத்தால், மொத்த உயரம் 48 அடி சொச்சம். அதற்கு 580 அடி நீளப் பாதை. நடுநடுவே இளைப்பாறச் சமதளம் விட்டாலும் 700 அடிக்குள் முடியும். மலையைக் குடைய வேண்டாம், சுற்றி வளைத்தால் போதும். மாட்டுவண்டிக்குச் செய்த மாதிரி.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் சொல்கிறோம். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலலை வரைக்கும் போய்வர ஒரு மரப்பாதை வேண்டுமென்று அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் வருடக்கணக்காகக் கேட்டார்கள். 2022 நவம்பரில் 263 மீற்றர் நீளத்தில், சுமார் 1.14 கோடி இந்திய ரூபாய் செலவில், மணலின் மேல் அந்தப் பாதை திறக்கப்பட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் ஒரு பகுதி உடைந்தது. "அப்பவே சொன்னோம், கடற்கரையில இதெல்லாம் நிக்குமா?" என்று சிரித்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் அதைத் திரும்பச் சரிசெய்தார்கள். 263 மீற்றர் என்றால் 860 அடிக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் 83 படிக்குத் தேவைப்படுவது அதைவிடக் குறைவு. காலுக்குக் கீழே எங்களுக்கு இருப்பதும் அலையடிக்கிற மணல் அல்ல.

மண்சரிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இரத்தினபுரியும் கேகாலையும் இந்த நாட்டின் மண்சரிவு அபாயம் கூடிய மாவட்டங்களில் முன்னால் நிற்பவை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை இறங்கி வந்ததை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் பாதை இன்னும் அவசரம். இராத்திரி பதினொரு மணிக்கு, அடைமழையில், "உடனே வெளியேறுங்க" என்று அறிவிப்பு வந்தால், கால் வராத தம்பி எப்படி வெளியேறுவான்? முழங்கால் போன அம்மாயி? ஓடக்கூடியவர்கள் ஓடுவார்கள். தூக்க ஆள் இருப்பவர்களைத் தூக்குவார்கள். மற்றவர்கள்?

வழக்கமான மூன்று பதில்கள்

ஒன்று: "அது கம்பனி காணி." காணி கம்பனியுடையது இல்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தபோது காணியை விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். பொதுக் காணியை ஆள்வோர் தம் இஷ்டத்துக்கு ஆள முடியாது என்று இதே தியவன்னாப் பக்கத்தில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. பொதுத் தேவைக்கென்று எடுத்த காணியைத் தனியார் கோல்ஃப் மைதானத்துக்குக் கொடுத்த விவகாரம், வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு. 2008இல் உயர் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலை இரத்துச் செய்தது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவுக்கு 30 இலட்சம் ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. அதிகாரத்தில் இருப்பவர்கள் பொதுச் சொத்தை மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் மட்டுமே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஏரிக்கரைக் காணிக்கு இருக்கிற நியாயம் தோட்டக் காணிக்கு இல்லாமல் போகுமா?

இரண்டு: "முதல்ல வீடு, சம்பளம். இது ஆடம்பரம்." இதை வெளியாட்கள் சொல்வதை விட எங்கள் ஆட்களே அதிகம் சொல்கிறார்கள், தொழிற்சங்கக்காரர்கள் உட்பட. சம்பளப் போராட்டத்தில் நாங்களும் நிற்கிறோம். ஆனால் இஸ்தோப்பை விட்டு இறங்க முடியாதவருக்குச் சம்பளம் ஏது? வாக்குச் சாவடிக்குப் போக முடியாதவருக்கு ஓட்டு ஏது? பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு ஏது? வீடு கேட்கிறோம், 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு. அந்த வீட்டின் வரைபடத்திலேயே ஒரு சாய்தளமும் மூன்றடி அகலக் கதவும் கேட்டால் என்ன குறைந்துவிடும்? கட்டி முடித்த பிறகு உடைத்துப் போடுவதற்குத்தான் செலவு கூட.

மூன்று: "உங்க தோட்டத்துல அப்படி எத்தன பேரு இருக்காங்க? வெளியில காணவே இல்லையே." காணமாட்டீர்கள். படி அப்படி. வெளியே வர வழியில்லாதவர்களை வெளியே காணவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வழி போடாமல் விடுவது என்ன நியாயம்? அதோடு, எங்கள் தோட்டத்தில் வேலையே ஆட்களை முடமாக்குகிறது. சரிவில் வழுக்கி விழுந்த இடுப்பு, கூடை சுமந்த முதுகு, ஏறி இறங்கிய முழங்கால். ஐம்பத்தைந்தில் பென்ஷன் இல்லாமல் வேலையை விட்டு நிற்கிற பெண்களில் எத்தனை பேர் ஒழுங்காக நடக்கிறார்கள் என்று பாருங்கள். பிறவியில் வந்த குறையை மட்டும் எண்ணினால் கணக்குச் சரி வராது.

சும்மா நடக்கிறதுக்கும் உரிமை இருக்கு

அம்மாயியின் முதல் கேள்விக்குத் திரும்புகிறோம். எங்கயும் போகாத பாதையை யார் கட்டுவார்கள்?

அவர் வாழ்க்கையில் அப்படியொரு பாதை இருந்ததில்லை. பெரட்டுக்குப் போகிற பாதை, மலைக்குப் போகிற பாதை, பீலிக்குப் போகிற பாதை, கடைக்குப் போகிற பாதை. நடை என்றால் வேலை. வேலையில்லாமல் தோட்டத்து ரோட்டில் நடந்தால் வோச்சர் கேட்பார், "எங்க போற?" சும்மா நடக்கிறேன் என்று பதில் சொல்ல முடியாது. சும்மா நடக்கிற ஆள் சந்தேகத்துக்குரிய ஆள்.

ஆனால் வெளிநாட்டுக்காரர் சும்மா நடக்கலாம். மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களின் ஊடாக முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமாக நீள்கிற 'பீக்கோ டிரெய்ல்' நடைவழியை 22 பகுதிகளாகப் பிரித்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும் அமெரிக்க உதவியோடும் சுற்றுலாவுக்காகத் திறந்திருக்கிறார்கள். பழைய தோட்டப் பாதைகள்தான், எங்கள் சனம் வெட்டியவை. அதில் நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் லயம் ஒரு காட்சி. அவர்கள் வரட்டும், நடக்கட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும். அந்தப் பாதையோரத்து லயத்தில் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருக்கிற கிழவனும் ஒரு நாள் இறங்கி அந்த வழியில் காலாற நடக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மலையக மக்களின் வரலாறே நடையில் தொடங்கியது. 2023இல், வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்து வந்த காட்டுவழியை நினைத்து நடந்த நடை. அதைப் பார்த்து எங்களுக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் மலையகம் என்றால் நுவரெலியா, பதுளை என்று நினைக்கிறவர்கள் மத்தியில், சப்ரகமுவத் தோட்டங்கள் எப்போதும் கடைசி வரி. கடைசி வரியிலும் கடைசி, இஸ்தோப்பை விட்டு இறங்க முடியாத எங்கள் ஆட்கள். நடந்து வந்த சனத்தின் பேரப்பிள்ளைகள் நாங்கள், எங்கள் கிழவிக்கு வாசல் வரைக்கும் நடக்க வழியில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான்

நகரத்திடம்: ஏரிக்கரைப் பாதை எதுவானாலும் பஸ் நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள். வாசல் கம்பிகளுக்கு நடுவில் சக்கர நாற்காலி போக இடம் விடுங்கள். மலசலகூடத்துக்குப் படி வேண்டாம். பலகையில் பிழையில்லாத தமிழ் வேண்டும், தொட்டு வாசிக்கிற எழுத்தும் வேண்டும்.

பிரதேச சபைகளிடம்: 2018 திருத்தம் உங்கள் கையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது. ஒரு தோட்டத்துக்கு ஒரு பாதை என்று தொடங்குங்கள். லயத்திலிருந்து டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம், பஸ் சந்தி வரைக்கும் ஒரே ஒரு பாதை. கானுக்கு மூடி, சரிவில் கைப்பிடி, நூறு மீற்றருக்கு ஒரு பெஞ்ச். எல்லாம் ஒரே வருடத்தில் வேண்டாம். முதல் பாதையை எந்தத் தோட்டத்தில், எந்த மாதம் தொடங்குவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

கம்பனிகளிடம்: கார்ட் ரோட்டு எங்கள் பூட்டன்மார் வெட்டியது. அதிலிருந்து லயத்துக்கு ஒரு கிளை வெட்ட இடம் விடுங்கள்.

தொழிற்சங்கங்களிடம்: அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் பாதையையும் ஒரு வரி சேருங்கள்.

வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரிடம்: அடுத்த முறை லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு அளவு நாடா கொண்டு போங்க. இஸ்தோப்பு எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம், பஸ் சந்திக்கு எத்தனை படி, எந்தக் கானுக்கு மூடி இல்லை என்று அளந்து எழுதுங்க. லயத்தில் யார் எத்தனை மாதமாக வெளியே வரவில்லை என்று கேளுங்க. பேர் ஊர் போட்டுப் பரப்ப வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தக் கணக்கைக் கடிதமாக்கி, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிரதேச சபையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்க. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பொடியன்மாரையும் கூப்பிடுங்க. அவர்களுடைய ஆச்சிக்கும் முழங்கால் வலிக்கும்.

நாங்கள் இறக்குவானைப் பக்கமும் தெரணியகலைப் பக்கமும் இந்த வேலையைத் தொடங்கிவிட்டோம். அம்மாயிக்குப் போன் எடுத்துச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "படிய எண்ணினா மட்டும் போதாது, மழ பெஞ்சா எந்தப் படி வழுக்கும்னு என்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்" என்றார். எங்கள் தாளில் அதற்கொரு நிரல் இல்லாமல் இருந்தது. சேர்த்துவிட்டோம்.